நாலு பத்துக் காற்று

அம்புலிப்பட்டணத்தில் அன்று காலை சூரியன் எட்டு நிமிடம் தாமதமாக உதித்தது. யாரும் பதறவில்லை. தெற்குத் தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து இருட்டைப் பார்த்து, "நேத்துப் புதுப் பதிப்பு ஏத்தினாகல்லா, அதான்" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தார். ஏழு மணிக்குள் அதைப் பற்றி பிழையைத் தெரிவிக்கும் வழுச்சீட்டுகள் நூற்றுப் பதினெட்டு போய்விட்டன. அவற்றில் நூற்றுப் பதினேழில் இருந்தது ஒரே வாசகம்தான்: "சூரியன் வரவில்லை. உடனே ஆவன செய்யவும்."

மீதி ஒன்று குழல்வாய்மொழி எழுதியது. "பதிப்பு 61.4 ஏற்றியபின் வானத்திரை 6:00 மணிக்குப் பதில் 6:08க்கு ஒளிர்கிறது. பக்கத்துக் குவிமாடத்திலும் இப்படித்தான். 61.3இல் இது இல்லை. கடிகாரத்தைச் சரிபார்க்கும் வரி இரண்டு முறை ஓடுகிறதோ என்று தோன்றுகிறது." மத்தியானத்துக்குள் பதில் வந்தது. வரி இரண்டு முறைதான் ஓடியிருக்கிறது. மறுநாள் சூரியன் ஒழுங்காக ஆறு மணிக்கு வந்துவிட்டது. மற்ற நூற்றுப் பதினேழு பேரும் தங்கள் சீட்டால்தான் வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அம்புலிப்பட்டணம் நிலாவில் இருந்தது. ஒரு பெரும் பள்ளத்தைக் குவிமாடம் போட்டு மூடி, உள்ளே ஆறாயிரம் பேர் குடியிருந்தார்கள். வெளிச்சம், தண்ணீர், மூச்சு விடும் காற்று எல்லாவற்றையும் நடத்தியது 'கொண்டல்' என்னும் கணினிப் பொதுநிரல். பொதுநிரல் என்றால் எவருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் அதன் வரிகளைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்குத் திருப்பித் தரலாம். நிலாவில் நான்கு, செவ்வாயில் ஐந்து என ஒன்பது குவிமாடங்கள் அதை நம்பித்தான் மூச்சு விட்டன.

அதைப் பேணி வந்தவர் ஒரே ஒருவர். ஞானப்பூ என்று பெயர். செவ்வாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு கொண்டலையும் திருத்துவார். சீட்டுகள் எல்லாம் அவரிடம் போய்ப் பதிவாகித் திரும்பினால்தான் அவரவர் கையிலுள்ள மின்பலகையில் தெரியும். போகப் பன்னிரண்டு நிமிடம், வரப் பன்னிரண்டு நிமிடம்.

அம்புலிப்பட்டணத்துக்காரர்கள் இதையெல்லாம் நம்பத் தயாராக இல்லை. இத்தனை பெரிய வேலைக்கு ஓர் ஆபீஸ் இல்லாமலா இருக்கும்? அதில் ஓர் அதிகாரி, அவருக்கு ஒரு மேலதிகாரி, வாசலில் ஒரு பியூன். ஆகவே சீட்டை, "மாண்புமிகு கொண்டல் அதிகாரி அவர்களின் மேலான சமூகத்துக்கு" என்று தொடங்குவார்கள். அப்புறம் குடும்ப வரலாறு வரும். அப்பா எந்த விண்கலத்தில் வந்தார், தங்கை எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு மோசம். நாலாம் பக்கத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி இருந்தாலும் இருக்கும். ஞானப்பூ இந்த மாதிரிச் சீட்டுகளை "விவரம் போதாது" என்று மூடிவிடுவார். நாலு பக்கம் எழுதியும் விவரம் போதாதா என்று ஊரே கொதிக்கும்.

இதனால்தான் அம்புலிப்பட்டணத்தில் வழு எழுத்தர் என்று ஓர் ஊர்ப்பணி ஏற்பட்டது. பூமியில் தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தந்தவர்களின் வழக்கம் விண்கலம் ஏறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தெருத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் குழல்வாய்மொழி மேசை போட்டிருந்தாள். வயது முப்பத்தொன்று. அவள் எழுதிய சீட்டு ஒன்றுகூட நிராகரிக்கப்பட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஒரு நாள் சிவனணைந்தான் வந்தார். தெற்குத் தெருவில் மொட்டை மாடியில் அப்பளம் காயவைக்கிறவர்.

"யம்மா மொழி, எழுது. என் அப்பளத்தக் காத்துக் கொண்டுபோவுது. எங்கப்பா கல்லிடைக்குறிச்சியில இருந்து கிளம்பும்போதே..."

"அப்பா வேண்டாம் சித்தப்பா. காத்து எப்ப வருது?"

"சாயங்காலம்."

"சாயங்காலம்னா எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம்னா சாயங்காலந்தான். இவ்வளவு பெரிய ஆபீசுக்குச் சாயங்காலம் எதுன்னு தெரியாதா?"

"தெரியாது. நம்ம சாயங்காலம் அங்க காலையில. நீங்க என்ன செஞ்சீங்க, என்ன நடக்கும்னு நினைச்சீங்க, என்ன நடந்துச்சு. இந்த மூணு போதும். கோவத்த மட்டும் எழுதக் கூடாது."

சிவனணைந்தான் நெஞ்சில் கைவைத்து யோசித்தார். "அப்பளத்தக் காயப்போட்டேன். காயும்னு நினைச்சேன். பறந்துபோயி சூரியன்ல ஒட்டிக்கிட்டு."

அவர் மிகைப்படுத்தவில்லை. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான். ஒரு பிரண்டை அப்பளம் கிளம்பிவிட்டால் மூன்று தெரு தாண்டாமல் இறங்காது. போன மாதம் சூரியனில் கரும்புள்ளி தெரிகிறது என்று அறுபது சீட்டுகள் போய், ஆள் வானத்திரைவரை ஏறிப் பார்த்து, அப்பளத்தைச் சுரண்டி எடுத்து வந்திருந்தார்கள்.

குழல்வாய்மொழிக்குக் கண் மின்னியது. நல்ல வழு ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

இந்த இடத்தில் நாலு பத்துக் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குவிமாடத்துக்குள் மூச்சு விடக் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது குளத்துத் தண்ணீர்போல நிற்கிற காற்று. வீசுகிற காற்று ஒன்றே ஒன்றுதான். தினமும் மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தெற்குத் தெருவில் வரும், பதினொரு நிமிடம் வீசும், நின்றுவிடும். யாரும் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை, யாரும் கேட்டு வாங்கவும் இல்லை. நாலு வருடமாக அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நாலு பத்துக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஆண்கள் பறக்கிற வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்து ஆற்றிக்கொண்டு ஆண்களைப் பேசுவார்கள்.

குழல்வாய்மொழியும் அப்போது மேசையை விட்டு எழுந்துகொள்வாள். அவள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான் ஊருக்குக் காற்றைச் சலித்து அனுப்பும் வளியகம். அங்கே வால்வுகளைப் பார்த்துக்கொள்கிறவன் தாணுமாலயன். அதற்குப் பக்கத்து வீடே அவன் வீடு. நாலு பத்துக்கு அவனும் வெளியே வருவான். இருவரும் தண்ணீர்த் தொட்டியருகே நிற்பார்கள்.

"காத்து நல்லாருக்கு" என்பான் தாணு.

"ஆமா, நல்லாருக்கு" என்பாள் அவள்.

பதினொரு நிமிடத்தில் பேச்சு இவ்வளவுதான். மீதி நேரம் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பதினான்கு மாதமாக இதுதான் நடந்தது. ஆனால் காலையில் கண் விழித்ததும் அவளுக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பதினொரு நிமிடம்தான். அவனைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு எழுதித் தருகிறவளுக்கு, அவனிடம் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை.

காற்று இல்லாத நேரத்தில் போய்ப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தெற்குத் தெருவில் முந்நூறு ஜன்னல்கள். வேலையில்லாமல் ஒருத்தி ஒருவன் வாசலில் நின்றால் அன்றைக்கே பந்திக்கு என்ன பாயசம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். "காத்து வாங்க வந்தேன்" என்பது மட்டும்தான் யாராலும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாத காரணம்.

சிவனணைந்தானின் வழுவை அவள் ஆறு நாள் ஆராய்ந்தாள். தண்ணீர்த் தொட்டியருகே கடிகாரத்தோடு நின்றாள்.

"என்ன பாக்குதீங்க?" என்று கேட்டான் தாணு. புதுக் கேள்வி.

"காத்து எந்த நொடியில கிளம்புதுன்னு பாக்கேன்."

"அதுக்கு வால்வுக் குறிப்பேட்டப் பாக்கணும். அது பொதுப் பலகையிலேயே இருக்கு. தெக்கு வால்வு எத்தனை டிகிரி தொறக்குன்னு நொடிக்கு நொடி வரும்." பதினான்கு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு இது. இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது.

குறிப்பேட்டில் விடை இருந்தது. நாலு பத்துக்கு வளியகத்தின் தூசிச் சல்லடைகளைக் கொண்டல் கழுவும். அப்போது தெற்கு வால்வு முப்பது டிகிரி திறந்தால் போதும். அது நாற்பத்தேழு திறந்துகொண்டிருந்தது. எப்போதோ யாரோ ஓர் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். குழல்வாய்மொழி ஆறு நாள் அளவுகள், ஒரு வரைபடம், பிழையான வரியின் எண் எல்லாம் சேர்த்துச் சீட்டு எழுதினாள். அனுப்பிவிட்டு அதைத் தானே மூன்று முறை படித்து ரசித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் அழகான எழுத்தால் கெட்டாள்.

இரண்டே நாளில் திருத்தம் ஏறியது. "அருமையான சீட்டு. மூடப்பட்டது" என்று ஞானப்பூ எழுதியிருந்தார். அந்த அம்மாள் அதற்கு முன் யாரையும் அருமை என்று சொன்னதில்லை. குழல்வாய்மொழி துள்ளிக் குதித்தாள். நிலாவில் குதித்தால் இறங்க நேரமாகும். அவள் இறங்கி வந்தபோது மணி நாலு எட்டு.

நாலு பத்துக்குத் தெரு முழுவதும் வாசலுக்கு வந்தது. ஆண்கள் முன்னெச்சரிக்கையாக வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு பன்னிரண்டுக்குக் கையை விட்டார்கள். வேட்டிகள் அசையவில்லை. நாலு இருபதுக்கு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாணு தொட்டியருகே வந்து, "காத்து..." என்று தொடங்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

குழல்வாய்மொழிக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. அப்பளத்தையும் வால்வையும் பார்த்தவள் காற்றைப் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான்காம் நாள் தெருவில் ஒருவரும் இல்லை. அவள் மட்டும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு மூன்று முறை போய் வந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. வீட்டில் நிறைத்து வைக்க வேறு பாத்திரமும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாள் அவள் மேசை முன்னால் நீண்ட வரிசை. முதலில் நின்றவர் சிவனணைந்தான். கையில் ஒரு தட்டு. தட்டில் பூசணம் பூத்த அப்பளம்.

"காயவே மாட்டேங்குது மொழி. காத்து இல்லாம எங்க காயும்?"

"நீங்கதான சித்தப்பா எழுதச் சொன்னீங்க?"

"வழுவப் போக்கச் சொன்னேன். காத்தப் போக்கவா சொன்னேன்?"

அவள் விளக்கிப் பார்த்தாள். வழு நீங்கிவிட்டது, வால்வு இப்போது சரியாக இருக்கிறது, சரியாக இருப்பதை வழு என்று எழுத முடியாது, காற்று வேண்டுமென்றால் வேண்டுகைச் சீட்டு என்று தனியாக ஒன்று உண்டு, அதில்தான் கேட்க வேண்டும் என்றாள். யாருக்கும் பொறுமை இல்லை. தாங்களே எழுதிக்கொள்வதாகக் கிளம்பிப் போனார்கள். மூடப்பட்ட அவள் சீட்டின் கீழேயே ஒருவர், "காற்று வரவில்லை" என்று போட்டார். அடுத்தவர், "எனக்கும்" என்றார். பொழுது சாய்வதற்குள் இரண்டாயிரத்து எழுநூறு 'எனக்கும்' சேர்ந்துவிட்டது. ஒருவர் மூன்று முறை போட்டிருந்தார். இடையில் ஒருவர், தன் வீட்டு மாவரைக்கும் இயந்திரம் சத்தம் போடுகிறது என்பதையும் இதோடு கவனிக்கும்படி கேட்டிருந்தார். ஞானப்பூ அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்.

பிறகு ஊர்மன்றம் கூடி முறையாக ஒரு வேண்டுகைச் சீட்டு அனுப்பியது. வேண்டுகைச் சீட்டில் 'இது எதற்காக?' என்று ஒரு கட்டம் உண்டு. மன்றத்தார் அதில் பொதுச் சுகாதாரம், தமிழ்ப் பண்பாடு, குவிமாடத்தின் நீண்டகால வளர்ச்சி, வருங்காலத் தலைமுறை ஆகிய நான்கையும் எழுதினார்கள். தலைவர் கையெழுத்து, செயலர் கையெழுத்து, முத்திரை.

இருபத்துநான்கு நிமிடமும் அதைப் படிக்க ஒரு நிமிடமும் கழிந்ததும் பதில் வந்தது. "காற்று வந்தபோது வருங்காலத் தலைமுறை என்ன செய்தது என்று விளங்கவில்லை. நீங்கள் கேட்பது தீர்வு. எனக்குத் தேவை குறை. காற்று இல்லாததால் உங்களில் யாருக்கு உண்மையாக என்ன நின்றுபோனது? அதை எழுதுங்கள். மூடப்பட்டது."

ஊர் கொந்தளித்தது. குழல்வாய்மொழி கொந்தளிக்கவில்லை. இதே வார்த்தையைத்தான் அவள் நாள்தோறும் நாற்பது பேருக்குச் சொல்லி வந்தாள். தீர்வைச் சொல்லாதீங்க, குறையைச் சொல்லுங்க, உண்மையான காரணத்தை எழுதுங்க. ஊருக்குத்தான் உபதேசம். உண்மையான காரணம் அவளிடம் இருந்தது. ஆனால் பொதுநிரலில் எல்லாமே பொது. எழுதினால் ஒன்பது குவிமாடமும் படிக்கும். தெற்குத் தெரு இரண்டு முறை படிக்கும்.

அவள் தன் பழைய சீட்டைத் திறந்தாள். அதில் ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடினாள். அப்போதுதான் அதுவரை பார்க்கத் தோன்றாத ஒன்றைப் பார்த்தாள். திருத்தத்தை எழுதியவர் ஞானப்பூ அல்ல. அவர் சரிபார்த்து ஏற்றியவர் மட்டும்தான். எழுதியவர் பெயர் தனியாக இருந்தது: தாணுமாலயன், தெற்குத் தெரு வளியகம். பக்கத்தில் அவன் ஒரு குறிப்பும் வைத்திருந்தான். "எனக்கு நிரல் எழுதி அவ்வளவாகப் பழக்கமில்லை. இரண்டு நாள் படித்துச் செய்தேன். இவ்வளவு அழகாக ஒரு வழுச்சீட்டை நான் பார்த்ததில்லை. எழுதியவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாளாக ஆசை."

அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. காற்றை நிறுத்தச் சொல்லி எழுதியவள் அவள், அவளுக்குப் பிடிக்குமே என்று நிறுத்தியவன் அவன். இப்படி ஒரு ஜோடி நிலாவில் மட்டுமல்ல, வேறெந்தக் கோளிலும் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இனி வெட்கப்பட ஒன்றும் பாக்கி இல்லை. பலகையை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

"தலைப்பு: நாலு பத்துக் காற்று நின்றபின் ஒருவரிடம் பேச முடியவில்லை.

நான் செய்தது: காற்று வாங்கும் சாக்கில் தினமும் வெளியே போய், தாணுமாலயன் என்பவரின் பக்கத்தில் நின்றேன்.

எதிர்பார்த்தது: அவரோ நானோ ஒரு நாள் காற்றைத் தவிர வேறு எதையாவது பேசுவோம்.

நடந்தது: காற்றிலிருந்த வழுவைக் கண்டுபிடித்து நானே எழுதினேன். அவரே திருத்தினார். இப்போது வெளியே போகக் காரணம் இல்லை.

எத்தனை முறை நிகழ்கிறது: ஒவ்வொரு நாளும்.

பாதிக்கப்பட்டோர்: உறுதியாகத் தெரிந்தவரை ஒருவர். இருவராகவும் இருக்கலாம். சரிபார்க்க வழியில்லை.

மாற்று வழி ஏதும் உண்டா: இல்லை."

எழுத்துப்பிழை பார்த்தாள். இதே பொருளில் முன்பு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினாள். யாரும் இல்லை. அனுப்பிவிட்டாள்.

இருபத்துநான்கு நிமிடத்தில் சீட்டு பலகையில் ஏறியது. தெற்குத் தெருவின் முந்நூறு ஜன்னல்களிலும் ஒரே சமயத்தில் பேச்சு நின்றது. அப்புறம் வியப்பான ஒரு காரியம் நடந்தது. அவள் எழுதியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. பண்பாட்டையும் தலைமுறையையும் விட்டுவிட்டு உண்மையை எழுதத் தொடங்கினார்கள். "காற்று வந்தால் என் மாமியார் வெளியே போவார். எனக்குப் பதினொரு நிமிடம் வீட்டில் தனியாக இருக்கக் கிடைக்கும்" என்று ஒருத்தி எழுதினாள். "வேட்டி பறப்பது எனக்குப் பிடிக்கும்" என்று மன்றச் செயலரே எழுதினார். சிவனணைந்தான் யார் துணையும் இல்லாமல் தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தானே ஒரு சீட்டு எழுதினார். "அப்பளத்தக் காயப்போட்டேன். காயும்னு நினைச்சேன். காயல."

பதில்கள் வந்தன. சிவனணைந்தானின் சீட்டில், "தெளிவாக இருக்கிறது. ஏற்கப்பட்டது. அடுத்த பதிப்பில் நாலு பத்துக்கு வால்வு நாற்பது டிகிரி திறக்கும். அப்பளத்தின்மேல் வலை போட்டுக்கொள்ளவும்" என்று இருந்தது. தெருவே கைதட்டியது. அவர் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டார்.

குழல்வாய்மொழியின் சீட்டுக்கு வந்த பதில் வேறு.

"இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த மிகச் சிறந்த சீட்டு இது. ஆனால் இது கொண்டலின் வழு அல்ல. உங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் இடையே முப்பத்தெட்டு அடி என்று ஊர் வரைபடம் காட்டுகிறது. மாற்று வழி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதவு எல்லாக் குவிமாடங்களிலும் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி. திறந்து பாருங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் புதிய சீட்டு எழுதவும். மூடப்பட்டது."

அவள் எழுதியவற்றில் முதன்முதலாக நிராகரிக்கப்பட்ட சீட்டு அதுதான். அவளுக்குக் கோபமே வரவில்லை. தலையை வாரிக்கொண்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை வந்தாள். கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். வைத்த கை வைத்தபடியே இருந்தது. வால்வு நாற்பத்தேழு டிகிரி திறந்ததைக் கண்டுபிடித்தவளுக்குத் தன் வீட்டுக் கதவை ஒரு டிகிரி திறக்க முடியவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது? இன்றைக்குத்தான் காற்றும் இல்லையே. அப்படியே நின்றாள். அரை மணி நேரம் போயிருக்கும்.

பலகை ஒலித்தது. மூடப்பட்ட சீட்டின் கீழே புதிதாக ஒரு குறிப்பு வந்திருந்தது.

"பாதிக்கப்பட்டோர்: இருவர். சரிபார்த்துவிட்டேன். - தாணுமாலயன்."

அவள் அதை இரண்டாம் முறை படிக்கத் தொடங்கினாள். அதற்குள் அடுத்த குறிப்பு.

"உங்க வீட்டு வாசல்லதான் நிக்கேன். உள்ள வரலாமா?"

குறிப்பின் மேல் நேரம் போட்டிருந்தது. இருபத்துநான்கு நிமிடத்துக்கு முன்பு எழுதியது. ஓர் அங்குலக் கதவைத் தாண்டுவதற்காக அந்தக் கேள்வி செவ்வாய்வரை போய்த் திரும்பி, நாற்பத்து மூன்று கோடி கிலோமீட்டர் நடந்து வந்திருந்தது. அத்தனை நேரமும் அவன் கதவுக்கு அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் நின்றிருக்கிறார்கள். முந்நூறு ஜன்னல்களும் மூச்சுக் காட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

குழல்வாய்மொழி பரபரப்போடு பலகையை எடுத்தாள். "வாங்க" என்று எழுதினாள். எழுத்துப்பிழை பார்த்தாள்.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்ட சிவனணைந்தானுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "யம்மா மொழி! அனுப்பிராத தாயி! இன்னும் அரை மணி நேரம் எங்களால நிக்க முடியாது. கதவத் தொற!"

"தொற! தொற!" என்று தெருவே கத்தியது. அவள் பலகையைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். தாணு நின்றுகொண்டிருந்தான். நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது.

"காத்து இல்ல" என்றான் அவன்.

"பரவாயில்ல. உள்ள வாங்க" என்றாள் அவள். அன்று சூரியன் அணையும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்தக் கதவின் பக்கத்தில், தாணு நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, அழைப்பு மணியின் பொத்தான் இருந்தது. அதை நடத்துவதும் ஒரு பொதுநிரல்தான். அதற்கும் எங்கோ ஒரு பேணுநர் உண்டு. தன் நிரலில் இதுவரை ஒரு வழுகூட யாரும் கண்டுபிடித்ததில்லை என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மணியை இதுவரை யாரும் அழுத்தியதில்லை என்பதை அவருக்கு ஒரு சீட்டு எழுதித் தெரிவிக்க யாருக்கும் தோன்றவில்லை.